பெயர் மாறியது, வியூ மாறவில்லை: போஸ்ட்கிரெஸ் ஒரு வினவலை எப்படி நினைவில் வைக்கிறது

போஸ்ட்கிரெஸ் என்னும் தரவுத்தள மென்பொருளில் ஒரு நிறுவனம் வைத்திருந்த விற்பனை அட்டவணை பெருத்துப்போயிருந்தது. இரவு நேரப் பராமரிப்பில் அதைப் பழகிய வழியிலேயே மாற்றினார்கள். இருந்த அட்டவணைக்கு ‘விற்பனை_பழையது’ என்று பெயர் மாற்றினார்கள். அதே அமைப்பில் ‘விற்பனை’ என்ற பெயரில் புதிதாக ஒன்றை உருவாக்கி, அண்மைக்காலப் பதிவுகளை மட்டும் அதற்குள் நகலெடுத்தார்கள். எல்லாமே, ஒன்று முழுதாக நடக்க வேண்டும் அல்லது நடக்கவே கூடாது என்று கட்டிய ஒரே டிரான்சாக்‌ஷனுக்குள் முடிந்தது. காலையில் பில்லிங் மென்பொருள் வழக்கம்போல் ஓடியது, புதிய விற்பனைகள் புதிய அட்டவணையில் பதிவாயின. பெரிய தொகைக்கு நடந்த விற்பனைகளைக் காட்டும் அறிக்கை மட்டும் முந்தின இரவோடு நின்றுவிட்டது. பிழைச் செய்தி எதுவும் இல்லை. நேற்றுவரை உள்ள கணக்கைச் சரியாகக் காட்டியது, இன்றையதை மட்டும் காட்டவில்லை.

இப்படிப்பட்ட கோளாறுகளில் முதலில் கேஷ் மீதுதான் பழி விழும். அடுத்தது தரவுத்தளத்தின் நகலான ரெப்ளிகா பின்தங்கியிருக்கிறதா என்ற கேள்வி. இரண்டையும் பார்த்தாயிற்று, இரண்டிலும் குற்றமில்லை. அறிக்கை படிப்பது ‘பெரிய_விற்பனை’ என்ற வியூவை, அதாவது பெயரிட்டுச் சேமித்துவைத்த ஒரு வினவலை. அதன் வரையறையை எழுதிவைத்திருந்த கோப்பில் ‘விற்பனை’ என்ற பெயர் பளிச்சென்று இருந்தது. விற்பனை என்ற அட்டவணையும் இருந்தது, அதில் இன்றைய பதிவுகளும் இருந்தன.

முடிச்சை அவிழ்த்தது ஒரே ஒரு கட்டளை. வியூவின் மீதான செலக்டுக்கு முன்னால், வினவல் எப்படி ஓடும் என்று காட்டும் எக்ஸ்பிளெயினைச் சேர்த்து ஓட்டினால், வரிசையாகப் படிக்கப்படும் அட்டவணையின் பெயராக வந்தது ‘விற்பனை_பழையது’. அந்த வியூவை எழுதியவர் அப்படி ஒரு பெயரை எங்குமே எழுதவில்லை. அவர் எழுதியபோது அந்தப் பெயரே கிடையாது.

வெறும் போஸ்ட்கிரெஸ் இருக்கும் எந்தக் கணினியிலும் இதை நீங்களே செய்து பார்க்கலாம். இங்கே வழக்கை மூன்று நெடுவரிசைகளாகச் சுருக்கிக்கொள்கிறேன்: எண், கிளை, தொகை. மூன்றும் முழு எண்கள். வியூவின் வரையறை இவ்வளவுதான்: விற்பனையில் தொகை 100-ஐத் தாண்டிய பதிவுகளின் எண்ணையும் தொகையையும் எடு. பெயர்களைத் தமிழிலேயே வைத்தாலும் போஸ்ட்கிரெஸ் ஏற்றுக்கொள்ளும், மேற்கோள் குறிகூடத் தேவையில்லை. ஆனால் ஒரு பெயருக்கு 63 பைட்தான் உச்சவரம்பு. யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட் பிடிக்கும். மெய்யெழுத்தின் புள்ளியும் உயிர்மெய்க் குறியும் தனித்தனிக் குறியீடுகள் என்பதால் 21 குறியீடுகளில் பெயரை முடித்துக்கொள்ள வேண்டும்.

முதல் மரம்: இலக்கணம் மட்டும்

வினவல் எழுத்தாக வந்து சேர்ந்ததும் அதைச் சொற்களாக வெட்டி, இலக்கணப்படி மரமாக அடுக்குவது பார்சரின் வேலை. போஸ்ட்கிரெஸ்ஸில் சொல் வெட்டும் பகுதி ஃபிளெக்ஸ் கருவியாலும், இலக்கணப் பகுதி பைசன் கருவியாலும் உருவாக்கப்படுகின்றன. இங்கே கிடைக்கும் மரத்தை ‘ரா பார்ஸ்’ மரம் என்பார்கள். அதில் எல்லாமே பெயர்கள்தான். ‘விற்பனை’ என்பது ரேஞ்ச்வார் என்னும் கணுவுக்குள் வெறும் எழுத்துச்சரமாக இருக்கிறது. ‘தொகை’ காலம்ரெஃப் என்னும் கணுவுக்குள் எழுத்துச்சரம். பெரிது என்ற குறிகூட, இடப்பக்கம் ஒரு கிளையும் வலப்பக்கம் ஒரு கிளையும் கொண்ட எழுத்துச்சரம்தான். விற்பனை என்று ஓர் அட்டவணை இருக்கிறதா, தொகை எண்ணா எழுத்தா என்பதெல்லாம் இந்த நிலையில் யாருக்கும் தெரியாது. இல்லாத அட்டவணையைக் கேட்டு எழுதினாலும் இந்தப் படியை அது தாண்டிவிடும்.

இந்தப் பிரிப்புக்கு நடைமுறைக் காரணம் உண்டு. அட்டவணைகளைப் பற்றிய விவரங்கள் இருக்கும் கேட்டலாகைப் படிக்க ஒரு டிரான்சாக்‌ஷன் தேவை. பிழை ஏற்பட்டு முறிந்துபோன டிரான்சாக்‌ஷனுக்குள் இருந்து ‘ரோல்பேக்’ (செய்ததையெல்லாம் கைவிடு) என்று ஒருவர் சொன்னால், அது ரோல்பேக்தான் என்று புரிந்துகொள்ளக் கேட்டலாகை நாடக் கூடாது, நாடவும் முடியாது. எனவே இலக்கணம் தனியாக, பொருள் தனியாக.

இரண்டாம் மரம்: பெயர்கள் எண்களாகின்றன

அடுத்த படி பொருளாய்வு. முதல் மரத்தை எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு பெயரையும் கேட்டலாகில் தேடி, ‘குவெரி’ என்ற புதிய கணுவை அது கட்டுகிறது. போஸ்ட்கிரெஸ்ஸின் உள்ளே வினவல் என்றால் இதுதான். வினவலை மாற்றி எழுதும் ரீரைட்டர் கையாள்வது இதை, அதை ஓட்டும் வழியை வகுக்கும் பிளானர் வாங்கிக்கொள்வதும் இதை.

இதன் முதுகெலும்பு ரேஞ்ச் டேபிள் என்னும் பட்டியல். வினவலில் வரும் ஒவ்வொரு அட்டவணை, துணை வினவல், ஜாயின் (இரண்டு அட்டவணைகளின் இணைப்பு), ஃபங்ஷன் ஆகியவற்றுக்கும் அதில் ஓர் இடம் உண்டு. வினவலின் மற்ற பகுதிகள் அட்டவணையைப் பெயரால் குறிப்பிடுவதில்லை, ‘பட்டியலில் 1ஆவது’, ‘பட்டியலில் 2ஆவது’ என்றுதான் குறிப்பிடும். பட்டியலில் இருக்கும் அந்த 1ஆவது பதிவு சுட்டுவதும் பெயரை அல்ல, ஒவ்வொரு பொருளுக்கும் போஸ்ட்கிரெஸ் தரும் ஓஐடி என்னும் அடையாள எண்ணை. பட்டாவில் வயலின் செல்லப்பெயர் இருக்காது, சர்வே எண்தான் இருக்கும். அது போலத்தான் இது.

இந்த மரம் வியூவுக்காகச் சேமிக்கப்படும்போது, பிஜி_ரீரைட் என்னும் கேட்டலாக் அட்டவணையின் ஈவி_ஆக்‌ஷன் நெடுவரிசையில் எழுத்து வடிவில் போய் உட்காருகிறது. போஸ்ட்கிரெஸ்ஸைப் பொறுத்தவரை வியூ என்பது ‘_ரிட்டர்ன்’ என்ற பெயருள்ள ஒரு விதி. அந்த விதியின் செயல்தான் இந்த மரம். செலக்ட் போட்டு யாரும் படிக்கலாம். முழு வெளியீடு நீளமானது, கண்ணுக்கு இதமானதும் அல்ல. நம் வழக்குக்கு வேண்டிய பகுதியைத் தமிழ் எழுத்தில் பெயர்த்தால் இப்படி வரும்:

குவெரி: கமாண்ட்டைப் 1
ரேஞ்ச் டேபிள், 1ஆவது பதிவு: ஆர்டிஇ-வகை 0, ரெல்ஐடி 16384, ரெல்கைண்ட் ஆர்
ஜாயின்ட்ரீ: ரேஞ்ச் டேபிள் 1; நிபந்தனை: ஆப்எக்ஸ்பிரஷன், ஆப்எண் 521
 இடப்பக்கம்: வார், வார்எண் 1, வார்அட்எண் 3, வார்டைப் 23
 வலப்பக்கம்: கான்ஸ்ட், வகை 23, மதிப்பு 4 [ 100 0 0 0 0 0 0 0 ]
டார்கெட் லிஸ்ட்: வார் 1, 1, பெயர் ‘எண்’, வார் 1, 3, பெயர் ‘தொகை’

கமாண்ட்டைப் 1 என்றால் செலக்ட். வார் என்பது ஒரு நெடுவரிசையைச் சுட்டும் கணு, கான்ஸ்ட் என்பது மாறா மதிப்பு, டார்கெட் லிஸ்ட் என்பது கேட்ட நெடுவரிசைகளின் பட்டியல். 16384 என்பது விற்பனை அட்டவணைக்கு அன்று கிடைத்த ஓஐடி என்று வைத்துக்கொள்வோம். பயனர் உருவாக்கும் பொருட்களுக்கான எண் வரிசை அங்கேதான் தொடங்குகிறது. ‘தொகை’ என்ற பெயர் நிபந்தனையில் எங்கும் இல்லை. இருப்பதெல்லாம் ‘பட்டியலின் 1ஆவது அட்டவணையில் 3ஆவது நெடுவரிசை, வகை 23’ என்ற செய்திதான். 23 முழு எண் வகையின் ஓஐடி. பெரிது என்ற குறிக்குப் பதில் 521 நிற்கிறது, இரண்டு முழு எண்களை ஒப்பிடும் பெரிது இதுதான். இரண்டு தேதிகளை ஒப்பிடும் பெரிதுக்கு வேறு எண், வேறு ஃபங்ஷன். 100 என்று நாம் எழுதியது பைட் பைட்டாகக் கிடக்கிறது. இன்டெல் வகைக் கணினியில் சிறிய பைட் முன்னால் வரும் என்பதால் 100 முதலிலும் சைபர்கள் பின்னாலும் நிற்கின்றன.

பதிவுகளை வடிகட்ட ‘வேர்’ என்ற எஸ்கியூஎல் சொல்லால் எழுதும் நிபந்தனைக்குத் தனி அறை கிடையாது என்பதையும் கவனியுங்கள். எந்த அட்டவணை என்று சொல்லும் ஃப்ரமும் இந்த வேரும் சேர்ந்து ஜாயின்ட்ரீ என்ற ஒரே கிளைக்குள் இருக்கின்றன. ஆன் என்று எழுதும் ஜாயின் நிபந்தனைகளும் அதே கிளையில் தத்தம் ஜாயின் கணுவின்மீது தொங்கும். வியூவை ஒருவர் கேட்கும்போது ரீரைட்டர் அவருடைய வினவலில் வியூ இருந்த இடத்தில் இந்தக் குவெரியின் நகலைத் துணை வினவலாக வைக்கிறது. பிளானர் பெரும்பாலும் அந்தத் துணை வினவலைப் பிரித்து வெளி வினவலோடு கலந்துவிடும். எந்த அட்டவணை எந்த நிபந்தனைக்கு உட்பட்டது என்பது ஒரே மரத்தில் இருப்பதால்தான் இந்தக் கலப்பு எளிதாகிறது. வியூவைக் கேட்பவரின் வினவலையே மாற்றி எழுதுவது என்ற இந்த யோசனை பழையது. மைக்கேல் ஸ்டோன்பிரேக்கர் இங்கிரெஸ் காலத்திலேயே, 1975-ல், வினவல் மாற்றம் என்ற பெயரில் அதை முன்வைத்தார்.

துணை வினவலுக்குள்ளிருந்து வெளி வினவலின் நெடுவரிசையைத் தொட வேண்டியிருந்தால், வார் கணுவில் இன்னோர் எண் வேலை செய்யும்: வார்லெவல்ஸ்அப். 0 என்றால் இதே வினவலின் பட்டியல், 1 என்றால் ஒரு படி மேலே உள்ள வினவலின் பட்டியல். எவ்வளவு ஆழமான வினவலானாலும் ஒரு நெடுவரிசையைச் சுட்ட மூன்று எண்கள் போதும்: எத்தனை படி மேலே, பட்டியலில் எத்தனையாவது, அதில் எத்தனையாவது நெடுவரிசை. வெளி ஜாயினால் ‘நல்’ (மதிப்பற்றது) ஆகக்கூடிய வார் எது என்பதைக் குறிக்க 16ஆம் பதிப்பில் இன்னொரு புலத்தைச் சேர்த்தார்கள். அதற்குள் நாம் இப்போது போக வேண்டியதில்லை.

இந்த மூல நிரலைப் படிக்கப் போகிறவர்கள் ஒன்றைக் கண்டு வியக்கலாம். சி மொழியில் எழுதிய நிரலில் எல்கான்ஸ், எல்அப்பெண்ட், நில் என்று லிஸ்ப் வாடை வீசும். பெர்க்லியில் 1986-ல் தொடங்கிய போஸ்ட்கிரெஸ்ஸின் ஒரு பகுதி முதலில் லிஸ்ப் மொழியில்தான் எழுதப்பட்டது, பிறகுதான் சி மொழிக்கு மாறியது. மொழி போனாலும் பட்டியல்களின் பெயர்கள் தங்கிவிட்டன. அந்தப் பட்டியல்கள் 2020-ல் வெளிவந்த 13ஆம் பதிப்புக்கு முன்புவரை உண்மையிலேயே கண்ணி கண்ணியாகக் கோத்த லிஸ்ப் பாணிப் பட்டியல்களாகவே இருந்தன. அந்தப் பதிப்பில்தான் வரிசை நினைவகத்துக்கு மாறின.

ஆய்வை வழிதவற வைத்த வரி

மேலே நான் வெட்டிக் காட்டிய பகுதியில் ஒன்றை வேண்டுமென்றே விட்டிருந்தேன். ரேஞ்ச் டேபிள் பதிவில் ‘ஈரெஃப்’ என்று ஒரு கணு உண்டு. அதில் அட்டவணையின் பெயரும் நெடுவரிசைகளின் பெயர்களும் எழுத்தாகவே இருக்கும்: ‘விற்பனை’, ‘எண்’, ‘கிளை’, ‘தொகை’. பெயர் மாற்றத்துக்குப் பிறகு ஈவி_ஆக்‌ஷனைத் திறந்து பார்த்தாலும் அங்கே ‘விற்பனை’ என்றே இருக்கும், ஏனென்றால் பெயர் மாறியபோது யாரும் இந்த மரத்தைத் தொடவில்லை. அவசரத்தில் பார்க்கிறவர் ‘வியூ விற்பனையைத்தானே சுட்டுகிறது’ என்று மூடிவைத்துவிடுவார். அந்த வரி வியூ உருவான நாளின் பெயரைச் சொல்கிறது. இன்று எதைப் படிக்க வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது அதன் பக்கத்தில் இருக்கும் 16384 மட்டுமே. அந்த எண்ணுக்குரிய அட்டவணையின் இன்றைய பெயர் விற்பனை_பழையது. புதிய விற்பனைக்குக் கிடைத்த எண் வேறு.

பிஜி_கெட்_வியூடெஃப் என்ற ஃபங்ஷனைக் கேட்டால் இந்தக் குழப்பம் வராது. அது ஈரெஃப் பெயரை நம்பாமல், ஓஐடியைக் கொண்டு இன்றைய பெயரைக் கேட்டலாகிலிருந்து எடுக்கிறது, ‘ஃப்ரம் விற்பனை_பழையது’ என்று உள்ளதை உள்ளபடி எழுதிக் காட்டுகிறது. ஆனால் அந்த ஃபங்ஷன் காட்டுவது நீங்கள் எழுதிய உரையை அல்ல. அந்த உரை எங்கேயும் சேமிக்கப்படவில்லை. மரத்திலிருந்து திரும்ப எழுதிய எஸ்கியூஎல்தான் கிடைக்கும். பிட்வீன் என்று எழுதியிருந்தால் இரண்டு ஒப்பீடுகளாக உடைந்து வரும். லைக் என்று எழுதியது இரட்டை டில்டே குறியாகத் திரும்பும். இன் பட்டியல் ‘சமம் எனி அர்ரே’ என்று வேஷம் மாறி வரும். நட்சத்திரக் குறி போட்டு எல்லா நெடுவரிசைகளையும் கேட்டிருந்தால், அன்று இருந்த நெடுவரிசைகள் ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி வரும், பிறகு அட்டவணையில் சேர்த்தவை வரமாட்டா. நீங்கள் எழுதிவைத்த குறிப்புரைகள் போனவை போனவைதான். வியூ வரையறைகளைக் கோப்பில் எழுதி வெர்ஷன் கன்ட்ரோலில் வைக்காதவர்களைப் பார்த்தால் எனக்குக் கவலையாக இருக்கும், காரணம் இதுதான்.

பேக்கப் எடுக்கும் பிஜி_டம்ப்பும், அதை நம்பியிருக்கும் பிஜி_அப்கிரேடும் இதே வழியில் மரத்தை எஸ்கியூஎல்லாகத் திரும்ப எழுதிக்கொண்டுபோய் மறுபக்கம் பார்ஸ் செய்கின்றன. எனவே பதிப்பு மாறினாலும் நம் வியூ ‘விற்பனை_பழையது’ என்பதையே பற்றிக்கொண்டு புதிய சர்வருக்கும் குடிபெயரும்.

அதே பெயர், வேறு நடத்தை

வழக்கில் எல்லோரையும் குழப்பிய இன்னொன்று, பில்லிங் மென்பொருள் எப்படித் தப்பியது என்பது. அதுவும் ‘விற்பனை’ என்ற பெயரைத்தான் பயன்படுத்தியது. அதன் இணைப்புகள் இரவு முழுக்கத் திறந்தே இருந்தன, பிரிபேர் செய்துவைத்த, அதாவது ஒருமுறை ஆய்ந்து திரும்பத் திரும்ப ஓட்டும், வினவல்கள்தான் ஓடிக்கொண்டிருந்தன.

எந்த மரம் சேமிக்கப்படுகிறது என்பதில் விடை இருக்கிறது. பிரிபேர் செய்த வினவலுக்கு போஸ்ட்கிரெஸ் முதல் மரத்தையும் கையில் வைத்துக்கொள்கிறது. அட்டவணையில் எதாவது மாறினால், ஆய்ந்து வைத்த குவெரியைத் தூக்கி எறிந்துவிட்டு, பெயர்கள் மட்டுமே உள்ள அந்த முதல் மரத்திலிருந்து பொருளாய்வை மறுபடி செய்கிறது. பெயர் மாற்றம் அப்படிப்பட்ட மாற்றம். மறு ஆய்வில் ‘விற்பனை’ என்ற பெயர் புதிய அட்டவணையில் போய் விழுந்தது. போஸ்ட்கிரெஸ்ஸின் நிரல்மொழியான பிஎல்/பிஜிஎஸ்கியூஎல்லில் எழுதிய ஃபங்ஷன்களும் இதே கதைதான். அவற்றின் உடல் கேட்டலாகில் உரையாகவே கிடக்கிறது, ஒவ்வொரு செஷனிலும் முதல்முறை ஓடும்போது பார்ஸ் ஆகிறது. வியூவிடம் இருப்பதோ இரண்டாம் மரம் மட்டும். திரும்பிப் போய்ப் பெயரைத் தேட அதற்கு வழியே இல்லை.

2021-ல் வந்த 14ஆம் பதிப்பிலிருந்து எஸ்கியூஎல் ஃபங்ஷன்களின் உடலை ‘பிகின் அட்டாமிக்’ என்று தொடங்கி எழுதலாம். அப்படி எழுதினால் உடல் உரையாகச் சேமிக்கப்படாமல் ஆய்ந்த மரமாகவே சேமிக்கப்படும். ஒரே ஃபங்ஷன், மேற்கோளுக்குள் எழுதினால் புதிய அட்டவணைக்குப் போகும், அட்டாமிக் வடிவில் எழுதினால் வியூவைப் போல் பழையதிலேயே நிற்கும். இரண்டையும் கலந்து வைத்திருக்கும் இடத்தில் அட்டவணை மாற்றுகிறவர் இதைத் தெரிந்துகொண்டு இறங்குவது நல்லது.

எண்ணால் கட்டிவைப்பது தொல்லை மட்டுமே என்று சொல்லிவிட முடியாது. நெடுவரிசைக்குப் பெயர் மாற்றினால் வியூ உடையாது. ‘தொகை’யை ‘மொத்தம்’ என்று மாற்றினாலும் 3ஆவது நெடுவரிசை 3ஆவதுதான், வியூ தன் வெளிப்பெயரைத் ‘தொகை’ என்றே வைத்துக்கொள்ளும். நெடுவரிசையை நீக்கினால் அதன் எண் வேறொன்றுக்குத் தரப்படாது, வெற்றிடமாக நிற்கும். பாதுகாப்பிலும் ஆதாயம் உண்டு. பெயரை ஓடும்போது தேடும் ஃபங்ஷனை, பெயர் தேடும் வரிசையான தேடல் பாதையில் முந்தி வரும் ஸ்கீமாவில் (பெயர்த்தொகுதியில்) அதே பெயரில் வேறொன்றை வைத்து ஏமாற்றலாம். 2018-ல் பாதுகாப்புப் பலவீனங்களின் பொதுப் பட்டியலில் சிவிஇ-2018-1058 என்று பதிவான பலவீனத்தின் அடிப்படை அதுதான். ஆய்ந்து சேமித்த வியூவிடம் அந்தத் தந்திரம் பலிக்காது.

மற்றத் தரவுத்தளங்கள் வேறு முடிவெடுத்திருக்கின்றன. மைஎஸ்கியூஎல் வியூவின் வரையறையை உரையாகச் சேமித்து, பயன்படுத்தும்போது பெயரைத் தேடுகிறது. இதே மாற்றத்தை அங்கே செய்தால் வியூ புதிய அட்டவணைக்கே போகும். எஸ்கியூலைட்டும் உரையைத்தான் வைத்திருக்கிறது, ஆனால் 2018-ல் வந்த 3.25 பதிப்பிலிருந்து அட்டவணையின் பெயரை மாற்றும்போது வியூ உரைக்குள்ளும் புகுந்து பெயரைத் திருத்துகிறது. விளைவில் போஸ்ட்கிரெஸ்ஸைப் போலவே பழையதைப் பின்தொடரும். பழைய நடத்தையே வேண்டும் என்பவர்களுக்காக பிராக்மா என்னும் அமைப்புக் கட்டளை ஒன்றும் வைத்திருக்கிறார்கள். ஒரு தரவுத்தளத்தில் பழகிய கையோடு இன்னொன்றுக்கு வருகிறவர்கள் இங்கேதான் அடிபடுகிறார்கள்.

சரிசெய்தது

உடனடித் தீர்வு சின்னது. கோப்பில் இருந்த அதே வரையறையைக் ‘கிரியேட் ஆர் ரீப்ளேஸ் வியூ’ என்று மறுபடி ஓட்டினார்கள். பொருளாய்வு புதிதாக நடந்தது, மரத்தில் புதிய ஓஐடி வந்தது, அறிக்கையில் இன்றைய கணக்கு வந்தது. இந்தக் கட்டளை வியூவின் சொந்த ஓஐடியை மாற்றாது என்பதால், இந்த வியூவின்மேல் கட்டிய மற்ற வியூக்களைத் தொட வேண்டியதில்லை. ஏற்கெனவே உள்ள நெடுவரிசைகளின் பெயரும் வகையும் வரிசையும் அப்படியே இருக்க வேண்டும், கூடுதல் நெடுவரிசை வந்தால் கடைசியில்தான் வர வேண்டும். விடையையும் சேர்த்துச் சேமித்துவைக்கும் மெட்டீரியலைஸ்டு வியூவுக்கு இந்தச் சலுகை கிடையாது, நீக்கிவிட்டு மறுபடி உருவாக்க வேண்டும். அட்டவணைகளின் அமைப்பை மாற்றும் டிடிஎல் கட்டளைகளும் டிரான்சாக்‌ஷனுக்குள் அடங்கும் என்பதால், பெயர் மாற்றத்தோடு வியூ மறு உருவாக்கத்தையும் ஒரே டிரான்சாக்‌ஷனில் செய்திருந்தால் அறிக்கை ஒரு நொடிகூடப் பிசகியிருக்காது.

எவையெல்லாம் ஓர் அட்டவணையின் ஓஐடியைப் பிடித்துக்கொண்டிருக்கின்றன என்பதை மாற்றத்துக்கு முன்பே, எது எதைச் சார்ந்தது என்று பதிந்துவைக்கும் பிஜி_டிபெண்டில் பார்க்கலாம். வியூ நேரடியாக அங்கே தெரியாது, அதன் பிஜி_ரீரைட் விதிதான் தெரியும். அங்கிருந்து வியூவுக்கு ஒரு ஜாயின் போட வேண்டும். ஓர் அட்டவணையின் பதிவு இன்னொன்றின் பதிவைச் சுட்ட வைக்கும் அயல் திறவுகோல்களும் ஓஐடியைத்தான் பிடிக்கின்றன. விற்பனையைச் சுட்டும் வேறோர் அட்டவணை இருந்திருந்தால், புதிய விற்பனை எண்ணோடு அதில் போடும் முதல் பதிவே பிழையாகத் திரும்பியிருக்கும், கோளாறு இரவிலேயே வெளிச்சத்துக்கு வந்திருக்கும். இங்கே அப்படி எதுவும் இல்லாததால்தான் காலை வரை யாருக்கும் தெரியவில்லை.

இன்னொரு கண்ணி மிச்சமிருந்தது, இது ஆய்வின் போக்கில் கிடைத்தது. ‘எண்’ நெடுவரிசை சீரியல் வகை, அதாவது சீக்குவென்ஸ் என்னும் எண் வழங்கியிலிருந்து அடுத்த முழு எண்ணைத் தானாக எடுத்துக்கொள்வது. புதிய அட்டவணையைப் பழையதைப் போலவே, இயல்பு மதிப்புகளையும் சேர்த்து உருவாக்கியிருந்தார்கள். இயல்பு மதிப்பும் ஒரு மரம்தான், பிஜி_அட்டர்டெஃபில் சேமிக்கப்படுவது. நெக்ஸ்ட்வால் ஃபங்ஷனுக்கு உள்ளே சீக்குவென்ஸின் பெயர் இருப்பதுபோல் கண்ணுக்குத் தெரிகிறது. மரத்திலோ அது ரெக்கிளாஸ் வகையிலான ஒரு கான்ஸ்ட், வகை எண் 2205, மதிப்பு சீக்குவென்ஸின் ஓஐடி. அதாவது புதிய அட்டவணை எண்களைப் பழைய அட்டவணைக்குச் சொந்தமான சீக்குவென்ஸிலிருந்தே வாங்கிக்கொண்டிருந்தது. எண் வரிசை அறுபடவில்லை என்பதால் அதுவரை நன்மைதான். ஆனால் இடத்தை மீட்கப் பழைய அட்டவணையை நீக்கப் போனால், புதிய அட்டவணையின் இயல்பு மதிப்பு அந்தச் சீக்குவென்ஸை நம்பியிருக்கிறது என்று சொல்லி போஸ்ட்கிரெஸ் மறுத்துவிடும், கூடவே, சார்ந்தவற்றையும் சேர்த்து நீக்கும் கேஸ்கேட் போட்டுப் பார் என்று குறிப்பும் தரும். அந்தக் குறிப்பைக் கேட்டு நடந்தால் புதிய அட்டவணையின் இயல்பு மதிப்பு காணாமல் போகும், அடுத்த பில் எண் இல்லாமல் வந்து நிற்கும். அதனால் சீக்குவென்ஸின் உரிமையை ‘ஓன்டு பை’ மூலம் முதலில் புதிய அட்டவணைக்கு மாற்றினார்கள், பிஜி_டிபெண்டில் வேறெதுவும் பழையதைப் பிடித்திருக்கவில்லை என்று உறுதிசெய்தார்கள், பிறகு கேஸ்கேட் இல்லாமலே விற்பனை_பழையதை நீக்கினார்கள்.